எண்ணெயும் ஈரமும்: தாமதமாக வெளிவரும் ஒரு திருத்தம்

பத்திரிகைத் துறையில் நான் காலடி எடுத்து வைத்த ஆரம்ப நாட்கள் அவை. 1990களின் நடுப்பகுதி. கொழும்பிலிருந்து வெளிவந்த தமிழ் வாரப் பத்திரிகையொன்றில் உதவி ஆசிரியனாகக் கடமையாற்றிக்கொண்டிருந்தேன். வாரந்தோறும் நலவியல் பக்கத்தை நிரப்புகின்ற பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது. கலைப்பட்டதாரியான எனக்கும் மருத்துவத்துக்கும் இருந்த ஒரே தொடர்பு, ஆங்கிலச் சஞ்சிகைகளிலிருந்து கிடைப்பதைத் தமிழாக்கம் செய்வது மட்டுமே. ஒரு வாரம் எதிர்பார்த்த விளம்பரம் வந்து சேரவில்லை. பக்கத்தின் கால்வாசி வெறுமையாகக் கிடந்தது. அச்சுக்கூடத்திலிருந்து அவசரப்படுத்தினார்கள். கையில் மூலக்கட்டுரை எதுவுமின்றி, கேள்வி ஞானத்தை மட்டும் துணையாகக் கொண்டு, "வறண்ட தோலுக்கு எண்ணெயே உணவு" என்ற தலைப்பில் முந்நூறு சொற்கள் எழுதி அனுப்பினேன். எண்ணெய் தோலுக்குள் ஊறிச் சென்று அதற்கு ஈரத்தைக் கொடுக்கிறது என்பதே அதன் சாரம்.

இரண்டு வாரங்கள் கழித்து மட்டக்களப்பிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற அப்போதிக்கரி ஒருவர். நுணுக்கமான கையெழுத்து. எண்ணெயில் நீர் இல்லை, இல்லாத ஒன்றை அது எவ்வாறு கொடுக்கும் என்று அவர் கேட்டிருந்தார். எண்ணெய் என்பது பானைக்கு மூடி போன்றது. பானைக்குள் நீர் இருக்கின்றதா என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். திருத்தம் வெளியிடுவீர்கள் என நம்புகிறேன் என்று முடித்திருந்தார்.

நான் வெளியிடவில்லை. யுத்தமும் இடப்பெயர்வும் முதற்பக்கத்தை நிறைத்திருந்த காலத்தில், தோலில் பூசும் எண்ணெய் பற்றிய திருத்தம் ஒரு பொருட்டாகவே எனக்குத் தோன்றவில்லை. அஞ்சலட்டை மேசை இழுப்பறையில் சில மாதங்கள் கிடந்து, பின்னர் எங்கோ மறைந்து போயிற்று.

அந்த அட்டை மீண்டும் நினைவுக்கு வந்தது 2014ஆம் ஆண்டு ஜனவரியில், ரொறன்ரோவில். தங்கையுடன் வசித்துவந்த அம்மாவைப் பார்க்கச் சென்றிருந்தேன். வெளியே உறைபனி. வீட்டுக்குள்ளே இரவும் பகலும் சூடாக்கி இயங்கிக்கொண்டிருந்தமையால் காற்று காய்ந்து கிடந்தது. அம்மாவின் இரு குதிக்கால்களிலும் பித்தவெடிப்பு. அம்மா நீண்டகால நீரிழிவு நோயாளி. ஒரு வெடிப்பு ஆழமாகி, கிருமி தொற்றி, புண்ணாகிவிட்டிருந்தது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தமையால் வலி தெரியவில்லை. வலி தெரியாதமையால் அவர் எவரிடமும் சொல்லவுமில்லை. மூன்று கிழமைகள் வைத்தியசாலையில் இருக்க நேர்ந்தது.

எவ்வாறு கவனியாமல் விட்டீர்கள் என்று கேட்டேன். ஒவ்வோர் இரவும் படுக்கப் போகுமுன் காய்ந்த காலில் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் இருந்தாராம். "எண்ணெய்தான் தோலுக்குச் சாப்பாடு எண்டு நீதானே மோனை பேப்பரிலை எழுதினனீ" என்றார்.

அதன் பின்னரே இந்த விடயத்தை முறையாகத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். தோலுக்கும் நீருக்கும் எண்ணெய்க்கும் இடையிலான உறவை மனிதன் விளங்கிக்கொண்ட வரலாறு, நான் எண்ணியிருந்ததைவிட நீண்டது. சில இடங்களில் வெட்கத்துக்குரியதும்கூட.

தராசில் அமர்ந்த வைத்தியர்

இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய சன்ரோரியோ சன்ரோரியோ (1561–1636) என்னும் வைத்தியர், ஒரு பெரிய தராசிலே நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்தபடி உணவு உண்டார். உட்கொண்டதையும் உடலிலிருந்து வெளியேறியதையும் பல ஆண்டுகளாக நிறுத்துப் பார்த்தார். இரண்டுக்கும் இடையே கணக்கு ஒருபோதும் சரிவரவில்லை. ஒரு நாளில் எட்டு இறாத்தல் உணவும் பானமும் உட்கொண்டால், அதில் ஐந்து இறாத்தல் வரை கண்ணுக்குத் தெரியாமலேயே உடலைவிட்டு நீங்கிவிடுகின்றது என்று 1614ஆம் ஆண்டு வெளியான தமது நூலில் அவர் எழுதினார். "உணரப்படாத வியர்வை" என்பது அதற்கு வழங்கிய பெயர்.

அந்தக் கணக்கில் மூச்சுடன் வெளியேறும் நீராவியும் அடங்கும். இன்றைய உடற்றொழிலியல் நூல்களின்படி, வியர்வைச் சுரப்பிகள் சும்மா இருக்கும்போதும், வளர்ந்த ஒருவரின் தோலினூடாக நாளொன்றுக்கு 300 முதல் 400 மில்லிலீற்றர் நீர் ஆவியாக வெளியேறுகின்றது. பெருமளவு தோலை இழந்த தீக்காய நோயாளிகளில் இது நாளொன்றுக்கு 3 முதல் 5 லீற்றராக உயரக்கூடும். தோல் எதனைத் தடுத்து நிறுத்திக்கொண்டிருக்கிறது என்பதை அறிய இந்த ஓர் ஒப்பீடே போதுமானது.

சன்ரோரியோவுக்கு ஏறத்தாழ 1400 ஆண்டுகள் முற்பட்ட கிரேக்க வைத்தியர் கலென், தேன்மெழுகையும் எண்ணெயையும் உருக்கி, அதனுள் நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கடைந்து ஒரு பூச்சைத் தயாரித்ததாக மருத்துவ வரலாறு கூறுகின்றது. பூசியவுடன் அதிலுள்ள நீர் ஆவியாகித் தோலைக் குளிர்விக்கும். ஆகவே பிற்காலத்தில் அது "குளிர் கிறீம்" எனப் பெயர் பெற்றது. எண்ணெயையும் நீரையும் ஒன்றாகத் தோலில் இடவேண்டும் என்ற அனுபவ அறிவு அந்தப் பூச்சில் இருந்தது. ஏன் என்ற விளக்கம் மட்டும் இருக்கவில்லை.

எண்ணெய்க் கிணறும் ஆட்டு மயிரும்

நவீன அழகுசாதனத் தொழில் இந்த விளக்கமின்றியே வளர்ந்தது. 1859ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்தின் ரைற்றஸ்வில் என்ற ஊரில் பெற்றோலியக் கிணறு தோண்டப்பட்டபோது, வேலை தேடி அங்கு சென்ற இளம் இரசாயனவியலாளர் ரொபேர்ட் சீஸ்புரோ, எண்ணெய் இறைக்கும் கோல்களில் படிந்த ஒருவித மெழுகைத் தொழிலாளர்கள் காயங்களிலும் எரிகாயங்களிலும் பூசிக்கொள்வதைக் கண்டார். அதனைச் சுத்திகரித்து, "வாஸ்லின்" என்ற பெயரில் 1872ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். தமது பொருளின் மீது அவர் வைத்திருந்த நம்பிக்கை அபாரமானது. நாள்தோறும் ஒரு கரண்டி உட்கொண்டதாகவும் சொல்லப்படுகின்றது. 1933ஆம் ஆண்டு தமது 96ஆவது வயதில் அவர் காலமானார்.

ஜேர்மனியில் வேறொரு பாதை. ஆட்டு மயிரைக் கழுவும்போது கிடைக்கும் கொழுப்பை 1882ஆம் ஆண்டில் சுத்திகரித்து "லனோலின்" எனப் பெயரிட்டார்கள் பிறவுணும் லீப்ரைக்கும். சாதாரண எண்ணெய் நீரைக் கண்டால் விலகி நிற்கும். லனோலினோ தன் எடையைவிட அதிகமான நீரையும் தன்னுள் ஏற்றுக்கொள்ளக்கூடியது. இதே கொழுப்பிலிருந்து ஐசாக் லிஃப்ஷுற்ஸ் என்ற இரசாயனவியலாளர் பிரித்தெடுத்த "யூசெரிற்" என்ற பொருள், எண்ணெயையும் நீரையும் நீண்டகாலம் பிரியாமல் வைத்திருந்தது. ஹம்பேர்க் நகரத்துத் தொழிலதிபர் ஒஸ்கார் ட்ரொப்லோவிற்ஸ், தோல் வைத்திய நிபுணர் பவுல் ஊனாவின் ஆலோசனையுடன் அதனைக் கொண்டு 1911 டிசம்பரில் ஒரு வெள்ளைக் கிறீமைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பனியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு "நிவியா" என்று பெயரிட்டார். நமது ஊர்க் கடைகளிலும் காணப்படும் அந்த நீல நிறத் தகரப்பேணி 1925ஆம் ஆண்டு வந்தது.

ஆக, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பொருட்கள் அனைத்தும் தயார். ஆயினும் அவை தோலில் என்ன செய்கின்றன என்று கேட்டிருந்தால், வைத்தியர்களில் பலரும் நான் எழுதிய பதிலையே சொல்லியிருப்பார்கள்: தோல் கொழுப்பை இழந்தமையால் வறள்கிறது, கொழுப்பைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

ஒரு துண்டுக் காய்ப்புத் தோல்

இந்த எண்ணத்தை மாற்றியவர் ஏர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர். மசாசூசெற்ஸ் பொது வைத்தியசாலையிலும் ஹாவார்ட் மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றியவர். 1952ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஆய்வின் மூலப்பொருள், உள்ளங்காலில் காய்த்துத் தடித்துப்போன தோலின் துண்டுகள்.

காய்ந்த நிலையில் அத்துண்டுகள் விறைத்திருந்தன, வளைத்தால் உடைந்தன. அவற்றை எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் ஊறவைத்தார். விறைப்பு நீங்கவில்லை. நீரில் இட்டார். மெதுமையாகி, வளைந்து கொடுத்தன. எண்ணெயில் எத்தனை நாள் கிடந்தாலும் காய்ந்த தோல் காய்ந்த தோலாகவே இருந்தது. தோலை மெதுமையாக்குவது நீர் ஒன்றே என்பது இதனால் வெளிப்பட்டது. தோலின் இந்த மேற்படையில் நீரின் அளவு ஏறத்தாழ பத்து வீதத்துக்குக் குறையும்போது அது நொறுங்கத் தொடங்குகின்றது என்ற கணக்கும் பிளாங்கின் ஆய்வுகளிலிருந்தே பாடநூல்களுக்குச் சென்றது.

இவ்வளவு எளிமையான பரிசோதனை. ஒரு கிண்ணம் எண்ணெய், ஒரு கிண்ணம் நீர், ஒரு துண்டுத் தோல். கலென் காலத்திலேயே செய்திருக்கலாம். எவரும் செய்யவில்லை, ஏனெனில் விடை தெரியும் என்று அனைவரும் நம்பியிருந்தார்கள். தெரியும் என்று நம்புகின்ற விடயத்தைச் சரிபார்க்கத் தோன்றுவதில்லை என்பது பத்திரிகைக்காரனுக்கும் பொருந்தும்.

பிளாங்குக்கு முன்னரே வேறிரு துப்புகள் கிடைத்திருந்தன. 1944ஆம் ஆண்டு அமெரிக்காவின் ட்ராவிஸ் வின்சரும் ஜோர்ஜ் பேர்ச்சும், இறந்தவர்களின் வயிற்றுத் தோலை எடுத்து, அதன் மேற்படையை மட்டும் உப்புத்தாளினால் தேய்த்து நீக்கிப் பார்த்தார்கள். தோலினூடாக நீர் கசியும் வேகம் சடுதியாக உயர்ந்தது. அதாவது நீரைத் தடுத்து நிற்கும் அணைக்கட்டு, தோலின் முழுத் தடிப்புமல்ல; "கொம்புப்படை" என்று சொல்லப்படும் அந்த மெல்லிய காய்ந்த மேற்படைதான். உடலின் பெரும்பாலான இடங்களில் அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேற்படாது.

மற்றைய துப்பு எலிகளிடமிருந்து வந்தது. 1929ஆம் ஆண்டு மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் பர், மில்றெட் பர் தம்பதியினர், கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்து எலிகளை வளர்த்தார்கள். அவற்றின் தோலும் வாலும் செதில் செதிலாக உரிந்தன. எலிகள் வழமைக்கு மாறாக அதிக நீர் குடித்தன. லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தைச் சிறிதளவு கொடுத்ததும் குணமாயின. குடித்த நீரெல்லாம் தோலினூடாகவே வெளியேறியது என்பது பின்னர் தெளிவாயிற்று. இத்தகைய எலிகளின் தோல் பற்றி ஒக்ஸ்போர்ட்டின் ஹியூ சின்க்ளெயருடன் இணைந்து 1956ஆம் ஆண்டு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டவரின் பெயர் பஸ்நாயக்க என்பதை இலங்கை வாசகர்கள் கவனிக்கலாம்.

ஆகவே கொழுப்புக்கு வேலை உண்டு. ஆனால் அது நீரைக் கொடுக்கும் வேலையன்று, காக்கும் வேலை. மட்டக்களப்பு அப்போதிக்கரியின் பானையும் மூடியும் இதுதான்.

சிறைச்சாலைத் தோல்

இந்த வரலாற்றில் எழுத மனம் கூசும் பகுதி ஒன்றுண்டு. அதனைத் தவிர்த்தால் வரலாறு முழுமையாகாது.

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் தோல் வைத்தியப் பேராசிரியர் அல்பேர்ட் கிளிக்மன் (1916–2010) இத்துறையின் பேரறிஞர்களில் ஒருவர். வெறும் இறந்த குப்பை என்று கருதப்பட்ட கொம்புப்படையை 1963ஆம் ஆண்டு சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து கிழியாத மெல்லிய தாளாகப் பிரித்தெடுக்கும் முறையை வெளியிட்டு, அது உறுதியான, ஒழுங்கான ஓர் உறுப்பு என்று காட்டினார். ஈரப்பூச்சுகளின் பயனை, பூசுவதை நிறுத்திய பின்னர் வறட்சி திரும்ப எத்தனை நாட்கள் ஆகின்றன என்பதைக் கொண்டு அளக்கும் முறையை வகுத்தவரும் அவரே. விலையுயர்ந்த கிறீம்கள் பலவற்றைவிட மலிவான பெற்றோலியம் ஜெலி சிறந்தது என்பதை எடுத்துரைத்தவர்களுள் அவர் முக்கியமானவர்.

அதே கிளிக்மன், 1951ஆம் ஆண்டு முதல் 1974ஆம் ஆண்டு வரை பிலடெல்பியா நகரின் ஹோம்ஸ்பேர்க் சிறைச்சாலையில், கைதிகளின் உடலில் பரிசோதனைகளை நடத்தினார். கைதிகளில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். வழக்கு முடிவதற்கு முன்னரே, பிணைப் பணம் கட்ட வழியின்றி அடைபட்டிருந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அழகுசாதனப் பொருட்கள், சவர்க்காரங்கள், மருந்துகள் ஆகியன அவர்களின் முதுகுகளில் சோதிக்கப்பட்டன. டயொக்சின் என்ற கொடிய நச்சுப்பொருளும் பூசப்பட்டது. சிறு தொகைப் பணம் கொடுக்கப்பட்டது. பூசப்படுவது என்னவென்பது சரிவரச் சொல்லப்படவில்லை. அலன் ஹோர்ன்ப்ளம் என்ற எழுத்தாளர் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் இவற்றைப் பரவலாக வெளிக்கொணர்ந்தது. கிளிக்மன் தமது வாழ்நாளில் இதற்காக வருந்தவில்லை. பல்கலைக்கழகத்தின் மருத்துவப்பீடம் 2021ஆம் ஆண்டும், பிலடெல்பியா நகர நிர்வாகம் 2022ஆம் ஆண்டும் மன்னிப்புக் கோரின. அதற்குள் அந்தக் கைதிகளில் பலர் உயிருடன் இல்லை.

குளியலறை மாடத்தில் இருக்கும் போத்தலில் "தோல் வைத்திய நிபுணர்களால் பரிசோதிக்கப்பட்டது" என்ற வரியைக் காணும்போதெல்லாம், எவரது தோலில் என்ற கேள்வி இப்போது எனக்குள் எழுகின்றது.

செங்கலும் சாந்தும்

கொம்புப்படை எவ்வாறு நீரைத் தடுக்கின்றது என்பதைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தைச் சேர்ந்த பீற்றர் எலியாஸ் 1980களில் தெளிவாக்கினார். அது ஒரு மதில் போன்றது. தட்டையான காய்ந்த உயிரணுக்கள் செங்கற்கள். அவற்றுக்கிடையே நிரம்பியுள்ள கொழுப்பு, சாந்து. அந்தச் சாந்தின் எடையில் ஏறத்தாழ பாதி, செரமைட் எனப்படும் கொழுப்பு வகை. எஞ்சியவற்றில் கொலஸ்திரோலும் கொழுப்பமிலங்களும் முக்கியமானவை. செங்கற்களுக்குள்ளே நீரைப் பிடித்து வைத்திருக்கும் சிறு மூலக்கூறுகள் உள்ளன. சாந்து கழன்றால் அவையும் கரைந்து போய்விடும். கடுஞ்சவர்க்காரமும் சுடுநீரும் செய்வது அதைத்தான்.

இந்த மதிலைக் கொண்டு பார்த்தால், கடைகளில் விற்கப்படும் பூச்சுகள் அனைத்தும் மூன்று வேலைகளுள் ஒன்றையோ பலவற்றையோ செய்பவை. முதலாவது வகை, நீரைப் பிடித்து இழுத்து வைத்திருப்பவை: கிளிசரின், யூரியா போன்றவை. இரண்டாவது வகை, மேலே மூடி நீர் ஆவியாவதைத் தடுப்பவை. பெற்றோலியம் ஜெலி இவற்றில் முதன்மையானது. தோலூடான நீரிழப்பை அது 98 வீதம் வரை குறைக்கும் என்றும், ஏனைய எண்ணெய்கள் 20 முதல் 30 வீதம் வரையே குறைக்கும் என்றும் தோல் வைத்திய நூல்கள் குறிப்பிடுகின்றன. மூன்றாவது வகை, செங்கற்களுக்கிடையிலான வெடிப்புகளை நிரப்பி வழவழப்பாக்குபவை. தாவர எண்ணெய்கள் பெரும்பாலும் இந்த வகையைச் சார்ந்தவை. மூடும் வேலையையும் ஓரளவு செய்கின்றன. நல்ல கிறீம் என்பது இம்மூன்றையும் தகுந்த அளவில் கலந்த ஒன்று.

மூடி வெறும் மூடி மட்டுமன்று என்பதும் பின்னர் தெரியவந்தது. பெற்றோலியம் ஜெலி தோலின் மேற்பரப்பில் தங்கிவிடாமல் செங்கற்களுக்கிடையே புகுந்து நிற்கின்றது என்றும், சேதமடைந்த மதில் மீண்டும் கட்டப்படுவதை அது விரைவுபடுத்துகின்றது என்றும் எலியாஸின் குழுவினர் 1992ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

டாக்காவின் குறைமாதக் குழந்தைகள்

இதுவரை கூறியவற்றைப் படிக்கும் ஒருவர், அழகு பற்றிய விடயந்தானே என்று எண்ணக்கூடும். அவ்வாறன்று என்பதைக் காட்டியது பங்களாதேஷ்.

தாயின் வயிற்றில் ஏறத்தாழ 34 வாரங்கள் நிறையும்வரை குழந்தையின் கொம்புப்படை முழுமையடைவதில்லை. அதற்கு முன் பிறக்கும் குழந்தை, கட்டி முடியாத மதிலுடன் உலகுக்கு வருகின்றது. நீர் வெளியேறுகின்றது, அதனுடன் உடற்சூடும் போகின்றது, கிருமி உள்ளே நுழைகின்றது. பங்களாதேஷில் பிறந்த குழந்தைகளுக்குக் கடுகெண்ணெய் தேய்ப்பது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கேரி டாம்ஸ்ராட்டும் அவரது குழுவினரும் முதலில் எலிகளின் தோலில் எண்ணெய்களைச் சோதித்தார்கள். சூரியகாந்தி எண்ணெய் சேதமடைந்த தோலைத் தேற்றியது. கடுகெண்ணெயும் ஒலிவ் எண்ணெயும் சோயா எண்ணெயும் தேறுவதைத் தாமதப்படுத்தின. 2002ஆம் ஆண்டு வெளியான முடிவு இது. சூரியகாந்தியில் நிறைந்திருப்பது, 1929இல் பர் தம்பதியினரின் எலிகளைக் குணமாக்கிய அதே லினோலெயிக் அமிலம்.

பின்னர் டாக்கா சிசு வைத்தியசாலையில், குறைமாதக் குழந்தைகளின் தோலில் சூரியகாந்தி எண்ணெயை மென்மையாகப் பூசிப் பார்த்தார்கள். பூசப்படாத குழந்தைகளுடன் ஒப்பிடுகையில், வைத்தியசாலையில் தொற்றும் கிருமிநோய்கள் 41 வீதம் குறைந்தன என்று 2005ஆம் ஆண்டு "லான்செற்" மருத்துவ சஞ்சிகையில் வெளியாயிற்று. 2008ஆம் ஆண்டு வெளியான தொடர் அறிக்கையில், சூரியகாந்தி எண்ணெய் பூசப்பட்ட குழந்தைகளில் இறப்பு 26 வீதமும், பெற்றோலியம் ஜெலியை முதன்மையாகக் கொண்ட களிம்பு பூசப்பட்டவர்களில் 32 வீதமும் குறைந்திருந்தது. சமையலறையில் கிடைக்கும் ஓர் எண்ணெய் உயிர் காத்திருக்கிறது.

ஆயினும் ஒரு செய்தியை மட்டும் வைத்துத் தலைப்பு எழுதும் பழைய தவறை மீண்டும் செய்ய நான் விரும்பவில்லை. மிகக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைகளுக்கு இத்தகைய களிம்பைப் பூசிய ஆய்வொன்றில், சிலவகைக் கிருமித்தொற்று அதிகரித்ததாக 2004ஆம் ஆண்டு அறிக்கை வெளியானது. அது நடைபெற்றது வசதிமிக்க தீவிர சிகிச்சைப் பிரிவுகளில். மாதம் நிறைந்து பிறந்த 1394 குழந்தைகளைக் கொண்டு இங்கிலாந்தில் நடத்தப்பட்ட ஆய்வு, முதலாம் ஆண்டு முழுவதும் நாள்தோறும் ஈரப்பூச்சு பூசியும் கரப்பான் நோயைத் தடுக்க முடியவில்லை என 2020ஆம் ஆண்டு தெரிவித்தது. உடைந்த மதிலுக்குப் பயன்படுவது, உடையாத மதிலுக்கும் பயன்படவேண்டும் என்ற கட்டாயமில்லை.

நமது எண்ணெய்கள்

எல்லா எண்ணெயும் ஒன்றல்ல என்பதே டாக்கா தரும் பாடம். ஒலிவ் எண்ணெயில் பெரும்பகுதி ஒலெயிக் அமிலம். அது சாந்தின் ஒழுங்கைக் குலைக்கவல்லது. வளர்ந்தவர்களின் தோலில் ஒலிவ் எண்ணெய் பூசிப் பார்த்த இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அது தோலின் தடுப்பைப் பலவீனப்படுத்துவதாக 2013ஆம் ஆண்டு எழுதினர். வெளிநாடுகளில் வாழும் நம்மவர்களில் பலர் நல்லது என்று எண்ணிக் குழந்தைகளுக்கு ஒலிவ் எண்ணெய் தேய்ப்பதை நான் கண்டிருக்கின்றேன். சூரியகாந்தி எண்ணெயிலும் இப்போது ஒலெயிக் அமிலம் மிகுந்த வகைகள் விற்கப்படுகின்றன. போத்தலிலுள்ள விபரத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது.

நமது தேங்காயெண்ணெயில் லினோலெயிக் அமிலம் மிகக் குறைவு. ஒலெயிக் அமிலமும் குறைவே. பிலிப்பைன்ஸ் நாட்டில் வறண்ட தோலுடைய 34 பேரின் கால்களில், ஒரு சாராருக்குத் தேங்காயெண்ணெயும் மறு சாராருக்குக் கனிய எண்ணெயும் இரு வாரங்கள் பூசிப் பார்த்தபோது, இரண்டும் சமமாகவே பயனளித்தன என்று 2004ஆம் ஆண்டு வெளியாயிற்று. சிறிய ஆய்வுதான், எனினும் நமது பாட்டிமாரின் நம்பிக்கைக்கு அது பாதகமானதன்று. நல்லெண்ணெயில் லினோலெயிக் அமிலமும் ஒலெயிக் அமிலமும் ஏறக்குறையச் சம அளவில் உள்ளன.

ஊரிலே சனிக்கிழமைகளில் எண்ணெய் தேய்த்து முழுகிய காலத்தை நினைத்துப் பார்க்கின்றேன். அங்கே காற்றில் ஈரமிருந்தது. செருப்பில்லாத கால்கள் நாள் முழுவதும் கிணற்றடியிலும் தோட்டத்து வாய்க்காலிலும் நனைந்துகொண்டே இருந்தன. பானை எப்போதும் நிறைந்திருந்தது. மூடி போட்டால் போதுமாயிருந்தது. ரொறன்ரோவின் குளிர்கால வீட்டில் பானை வெறுமையாகிவிடுகின்றது. உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகளும் கிடையா. அங்கே காய்ந்த காலில் எண்ணெயை மட்டும் தேய்ப்பது, வெறும் பானையை மூடி வைப்பதற்குச் சமம். எண்ணெய் அம்மாவின் காலைக் கெடுக்கவில்லை. ஆனால் அது கால் பராமரிப்பைச் செய்துவிட்டதான ஒரு நிம்மதியைக் கொடுத்தது; அந்த நிம்மதிதான் வெடிப்பை மறைத்தது.

வைத்தியசாலையில் தாதி ஒருவர் அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தது இரண்டே நிமிட வேலை. கால்களை இளஞ்சூட்டு நீரில் கழுவ வேண்டும். நெடுநேரம் ஊறவிடக் கூடாது. விரலிடுக்குகளை நன்றாகத் துடைத்து, மற்றைய இடங்களில் சற்று ஈரம் இருக்கும்போதே யூரியா கலந்த கிறீமையும் அதன்மேல் பெற்றோலியம் ஜெலியையும் பூச வேண்டும். விரலிடுக்குகளில் பூசக் கூடாது. நாள்தோறும் உள்ளங்காலைக் கண்ணால் பார்க்க வேண்டும்; பார்க்க முடியாதவர்கள் வேறொருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தக் கடைசி அறிவுரை எந்தப் பூச்சையும்விட முக்கியமானது. அம்மா அதன் பின்னர் ஆறு ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். காலில் மீண்டும் புண் வரவில்லை.

பத்திரிகையில் ஒரு தவறு வெளியானால், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வெளியிடவேண்டும் என்று பின்னாட்களில் பயிற்சி நிருபர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தப் பத்திரிகை இன்று இல்லை. மட்டக்களப்பு அப்போதிக்கரியின் பெயரும் என் நினைவில் இல்லை. ஆகவே இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தாமதித்த அந்தத் திருத்தத்தை இங்கே பதிவு செய்கின்றேன்.

எண்ணெய் தோலுக்கு ஈரத்தைக் கொடுப்பதில்லை. தோலில் இருக்கும் ஈரத்தைக் காக்கின்றது. தவறுக்கு வருந்துகின்றேன்.